கார்டை முதலில் வெளியே எடுங்கள்: மெமரி கார்டு கேள்வி-பதில்

சித்திரா பௌர்ணமி முடிந்த அடுத்த வாரமே கடிதங்கள் வந்து குவிந்துவிடும். இந்த முறையும் அப்படித்தான். மங்கலதேவிக்குப் போய் வந்தவர்கள், கல்யாண வேலை பார்க்கும் தம்பிகள், பழைய கார்டை அலமாரியிலிருந்து தேடி எடுத்தவர்கள் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். மலையாளத்தில் வந்த கடிதத்துக்கும் இங்கேயே தமிழில் பதில் இருக்கிறது.

குமுளி வாசகி: மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் குடும்பத்தோடு போய் 300 படம் வரை எடுத்தேன். வீட்டுக்கு வந்து, ஆடிப்போன ஒரு படத்தை அழிக்கப் போய், எல்லாப் படங்களையும் அழித்துவிட்டேன். அது தெரியாமல் பிள்ளைகளை வைத்து இன்னும் 40 படம் எடுத்துவிட்டேன். வருஷத்தில் ஒரு நாள்தான் கோயிலுக்கு விடுகிறார்கள். படங்கள் கிடைக்குமா?

பெரும்பகுதி கிடைக்கும், கவலைப்படாதீர்கள். கேமராவை அணைத்துக் கார்டை முதலில் வெளியே எடுங்கள். எஸ்.டி. கார்டின் இடது ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டைக் கீழே தள்ளுங்கள். இனி அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது.

‘டெலிட்’ கொடுத்ததும் படம் அழிந்துவிடாது. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று கார்டில் ஓர் அட்டவணை உண்டு. அதில் ‘இந்த இடம் காலி’ என்று கேமரா குறித்துவைக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு படம் வந்து அதே இடத்தில் உட்காரும்வரை பழைய படம் அங்கேயே இருக்கும். நீங்கள் பிறகு எடுத்த 40 படம் எந்த இடங்களில் உட்கார்ந்தனவோ, அங்கே இருந்தவை போனது போனதுதான். மற்றவை இருக்கும்.

கணினியில் கார்டைச் செருகி, முதலில் முழுக் கார்டையும் ஒரே இமேஜ் கோப்பாக நகல் எடுங்கள். ‘வின்32 டிஸ்க் இமேஜர்’ என்ற மென்பொருள் போதும், அதில் ‘ரீட்’ என்பதைத்தான் அமுக்க வேண்டும். ‘ரைட்’ பக்கம் கையே போகக் கூடாது. 64 ஜி.பி. கார்டுக்கு நல்ல கார்டு ரீடர் என்றால் கால் மணி நேரம், பழைய ரீடர் என்றால் ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் அந்த நகலின்மேல் ‘ஃபோட்டோரெக்’ ஓட்டுங்கள். இலவச மென்பொருள்தான். கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக வரும், பயப்பட வேண்டாம். அது அட்டவணையைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு ஜேபெக் படமும் தொடங்கும் இடத்தில் இருக்கும் அடையாளத்தைத் தேடிப் பிடித்து எடுக்கிறது. அதனால் படங்களின் பழைய பெயர்கள் திரும்ப வராது. எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

மீட்ட படங்களைக் கணினியில்தான் சேமிக்க வேண்டும், அதே கார்டில் சேமிக்கக் கூடாது. 100 முறை எழுதியாயிற்று, 101-வது முறையும் எழுதுகிறேன்.

கம்பம் வாசகர்: கார்டைச் செருகினால் ‘ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று கணினி கேட்கிறது. செய்யலாமா?

கூடாது. ‘கேன்சல்’ கொடுத்துவிட்டு வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள். பாதிக் கடிதங்களில் குற்றவாளி ரீடர்தான். கார்டின் பின்பக்கப் பித்தளை நிறப் பட்டைகளை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் துடையுங்கள். அப்படியும் அதே செய்தி வந்தால் மேலே சொன்னபடி நகல் எடுத்து வேலையைத் தொடங்குங்கள். விண்டோஸில் பழுது பார்க்க இருக்கும் ‘செக்டிஸ்க்’ என்பதை ஓட்டாதீர்கள். அது அட்டவணையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று உங்கள் படங்களைத் துண்டு துண்டாக்கி, பெயர் தெரியாத கோப்புகளாக ஒரு மூலையில் போட்டுவிடும்.

பூப்பாறை வாசகர்: புதிய 64 ஜி.பி. கார்டு கேமராவில் சரியாக வேலை செய்கிறது. என் பழைய லேப்டாப்பில் மட்டும் தெரியவில்லை.

32 ஜி.பி.க்கு மேல் போனால் அது வேறு வகைக் கார்டு, எஸ்.டி.எக்ஸ்.சி. உங்கள் லேப்டாப்பின் ரீடருக்கு அது புரியாது. கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. புது யு.எஸ்.பி. ரீடர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊர் எழுதாத ஒருவர்: கார்டு போய்விட்டது, போட்டோ எல்லாம் வேண்டும், அவசரம், என்ன செய்வது?

‘போய்விட்டது’ என்றால் தொலைந்ததா, உடைந்ததா, அழித்தீர்களா, ஃபார்மட் ஆனதா? என்ன கேமரா, எத்தனை ஜி.பி., கடைசியாக என்ன செய்தீர்கள்? இதில் ஒன்றுகூட இல்லாமல் நான் எப்படிப் பதில் சொல்ல முடியும்? டாக்டரிடம் போய் ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொல்வோமா? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள். அதுவரை கார்டைத் தொடாதீர்கள்.

மூணாறு வாசகர்: 2018-இல் இரவிகுளத்தில் எடுத்த நீலக்குறிஞ்சிப் படங்கள் ஒரு கார்டிலேயே இருந்தன. தோட்டத்து லயத்து வீட்டில் பெட்டிக்குள் வைத்திருந்தேன். இப்போது போட்டால் சில படங்கள் பாதி சாம்பல் நிறமாக இருக்கின்றன, சில திறக்கவே இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. 2006, 2018 என்று 12 வருஷத்துக்கு ஒரு முறை பூப்பது அது. அடுத்தது 2030-இல்தான்.

மெமரி கார்டு கல்வெட்டு இல்லை. உள்ளே கோடிக்கணக்கான சின்னஞ்சிறு அறைகளில் மின்னூட்டமாகத்தான் படம் இருக்கிறது. பல வருஷம் மின்சாரமே காட்டாமல் வைத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நிறையத் தடவை எழுதி அழித்துத் தேய்ந்த கார்டில் சீக்கிரமே கசியும். பெட்டிக்குள் உங்கள் கார்டுக்கு நடந்தது இதுதான்.

இந்தக் கார்டுக்குச் சாதாரண நகல் மென்பொருள் வேண்டாம். படிக்க முடியாத இடம் வந்ததும் அது நின்றுவிடும். லினக்ஸ் இயங்குதளத்தில் ‘டிடி ரெஸ்க்யூ’ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டு, மோசமான இடங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும். ஓர் இரவு முழுக்க ஓடினாலும் ஓடட்டும். ஒரு முறை படிக்காத இடம் மறுமுறை படிப்பதை நான் பல கார்டுகளில் பார்த்திருக்கிறேன்.

பாதி சாம்பலான படங்களையும் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஒரு குட்டிப் படம் ஒளிந்திருக்கும். கேமரா பதப்படுத்தாமல் அப்படியே வைக்கும் ‘ரா’ வடிவத்தில் எடுத்திருந்தால் உள்ளே ஒரு ஜேபெக் படமும் இருக்கும். பல கேமராக்களில் அது ஃபிரேம் போடும் அளவுக்கே பெரிதாக இருக்கும். ‘எக்ஸிஃப் டூல்’ என்ற மென்பொருளை வைத்து அதைத் தனியே உருவி எடுக்கலாம். கிடைப்பதை அன்றைக்கே இரண்டு ஹார்டு டிஸ்கில் போட்டுவையுங்கள்.

வண்டிப்பெரியாரிலிருந்து, கல்யாண வேலைக்குப் போகும் ஒரு தம்பி: ஆன்லைனில் ஒரு டெரா பைட் கார்டு சுமார் 600 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் கல்யாணத்தையே அதில்தான் எடுத்தேன். கேமராவில் பார்க்கும்போது நன்றாக இருந்தது. கணினியில் முதல் ஆயிரம் படம் வரை திறக்கிறது. முகூர்த்தப் படங்கள் பெயரும் அளவும் காட்டுகின்றன, ஆனால் திறக்கவில்லை. எந்த மென்பொருளால் மீட்கலாம்?

எந்த மென்பொருளாலும் முடியாது தம்பி. நீ வாங்கியது போலிக் கார்டு.

இதை விளக்கமாகவே சொல்கிறேன். நல்ல கார்டு பழுதாவதைவிடப் போலிக் கார்டு தின்ற படங்களுக்காகத்தான் என்னிடம் அதிகம் பேர் வந்து அழுதிருக்கிறார்கள். கார்டுக்குள் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று படத்தை வைக்கும் சிப், இன்னொன்று அதை நிர்வகிக்கும் கன்ட்ரோலர். ‘உன்னிடம் எவ்வளவு இடம் இருக்கிறது?’ என்று கேமரா கேட்டால் பதில் சொல்வது கன்ட்ரோலர்தான். மோசடிக்காரர்கள் 16 அல்லது 32 ஜி.பி. சிப்பை வைத்துவிட்டு, ‘ஒரு டெரா’ என்று பொய் சொல்லும்படி அந்தக் கன்ட்ரோலரை மாற்றி எழுதிவிடுகிறார்கள். மேலே பெரிய கம்பெனியின் பெயரை அச்சடித்து, பளபளவென்று ஓர் அட்டையில் ஒட்டி விற்கிறார்கள்.

கேமரா அதை நம்புகிறது. உண்மையான இடம் தீரும்வரை எல்லாம் நல்லபடியாக நடக்கும். தீர்ந்த பிறகு வரும் படங்களைச் சில கார்டுகள் வாங்கிக்கொண்டு எங்கேயும் வைப்பதில்லை. சில கார்டுகள் திரும்ப முதலிலிருந்து எழுதிப் பழைய படங்களையும் கெடுத்துவிடும். அட்டவணையில் மட்டும் பெயர், அளவு, தேதி எல்லாம் ஒழுங்காகப் பதிவாகும். நீ பார்த்தது அந்த அட்டவணையைத்தான். எடுத்த கையோடு கேமராத் திரையில் தெரிந்தது கேமராவின் நினைவில் அப்போது இருந்த படம். எழுதப்படாத படத்தை யார் மீட்க முடியும்? ‘மீட்டுத் தருகிறோம், அட்வான்ஸ் கொடுங்கள்’ என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் கொடுக்காதே. திறக்கிற அந்த ஆயிரத்தை உடனே நகல் எடுத்து வை.

நானும் இதில் அடிபட்டவன்தான். பல வருஷத்துக்கு முன்னால் ஊரில் ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஒரு கார்டு வாங்கினேன். தங்கச்சி மகளுக்குப் பேர் வைத்த விழாவை அதில் எடுத்தேன். குழந்தையைத் தொட்டிலில் போட்டதுவரை இருக்கிறது. எங்கள் அம்மா குனிந்து குழந்தையின் காதில் பெயர் சொன்ன படம் இல்லை. அந்த வருஷமே அம்மா போய்விட்டார்கள். அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது. இதை விற்கிறவனுக்குச் சில நூறு ரூபாய் லாபம் கிடைக்கிறது. வாங்கினவன் வீட்டில் அந்த நாளே இல்லாமல் போகிறது.

சரி, இனிமேல் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். புதுக் கார்டு எங்கே வாங்கினாலும், பில்லோடு பெரிய கடையில் வாங்கினாலும், முதல் படம் எடுக்கும் முன் சோதித்துப் பார். விண்டோஸில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, மேக்கிலும் லினக்ஸிலும் ‘எஃப்3’. இரண்டும் இலவசம். கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்து, உண்மையில் எவ்வளவு இடம் என்று சொல்லிவிடும். படங்கள் இருக்கும் கார்டில் இதை ஓட்டாதே, காலிக் கார்டில் மட்டும் செய். 64 ஜி.பி.க்கு இரண்டு மணி நேரம் ஆகலாம், ஆகட்டும். அப்புறம் இன்னொன்று. கல்யாணத்துக்கு ஒரே பெரிய கார்டு வேண்டவே வேண்டாம். 64 ஜி.பி. கார்டாக நான்கு வாங்கி மாற்றி மாற்றிப் போடு. ஒன்று கெட்டாலும் மாலை மாற்றுவதாவது மிஞ்சும். அந்த வீட்டாரிடம் நீயே நேரில் போய் நடந்ததைச் சொல். விருந்தாளிகள் செல்போனில் எடுத்த முகூர்த்தப் படங்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்து ஆல்பம் போட்டுக் கொடு.

கட்டப்பனை வாசகர் (மலையாளக் கடிதம்): கேமராவின் மைக்ரோ எஸ்.டி. கார்டை ஆண்ட்ராய்டு போனில் போட்டேன். போன் ஏதோ கேட்டது, சரி என்று கொடுத்தேன். இப்போது கேமராவிலும் இல்லை, கணினியிலும் இல்லை.

போன் கேட்டது ‘இதை உள் நினைவகமாக வைத்துக்கொள்ளட்டுமா?’ என்று. சரி என்றதும் கார்டை ஃபார்மட் செய்து, அந்தப் போனில் மட்டும் இருக்கும் சாவியால் பூட்டிவிட்டது. ஆனாலும் போன் புதிதாக எழுதாத இடங்களில் உங்கள் பழைய படங்கள் இருக்க வாய்ப்பு உண்டு. கார்டை முதலில் வெளியே எடுங்கள். நகல் எடுத்து ஃபோட்டோரெக் ஓட்டிப் பாருங்கள். போன் தன் கோப்புகளை ஏற்கெனவே அதற்கு மாற்றியிருந்தால் கிடைப்பது குறைவாகத்தான் இருக்கும். படிக்காமல் ‘ஓகே’ அமுக்கும் பழக்கத்தை விடுங்கள்.

போடி வாசகர்: ஏலத் தோட்டத்தில் யானைக் கூட்டத்தை வீடியோ எடுக்கும்போது பேட்டரி தீர்ந்தது. கோப்பு 2 ஜி.பி. இருக்கிறது, ஆனால் ஓடவில்லை.

படம் உள்ளே இருக்கிறது. வீடியோவை நிறுத்தும்போதுதான் கேமரா ‘எந்தக் காட்சி எங்கே’ என்ற குறிப்பைக் கோப்பில் எழுதி முடிக்கும். நீங்கள் நிறுத்தவில்லை, பேட்டரி நிறுத்தியது. அந்தக் குறிப்பு இல்லாமல் எந்தப் பிளேயரும் ஓட்டாது. அதே கேமராவில், அதே அமைப்பில், வேறு கார்டு போட்டு ஒரு நிமிஷ வீடியோ எடுங்கள். ‘அன்ட்ரங்க்’ என்ற மென்பொருள் அந்த நல்ல வீடியோவை மாதிரியாக வைத்துப் பழுதான கோப்புக்குக் குறிப்பை எழுதித் தரும். அசல் கோப்பில் கை வைக்காமல் நகலில் செய்யுங்கள்.

தேவிகுளம் வாசகி: சட்டைப் பையிலிருந்த கார்டு வாஷிங் மெஷினில் போய்விட்டது.

பெரும்பாலும் பிழைத்துவிடும். சோப்புத் தண்ணீர் போகக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் காயவிடுங்கள். மூணாறு பக்கத்து ஈரத்துக்கு மூன்று நாளாகவே இருக்கட்டும். ஹேர் டிரையர், அடுப்பு மேடை, வெயில் எதுவும் வேண்டாம். காய்வதற்குள் அவசரப்பட்டுச் செருகுவதுதான் கார்டைக் கொல்லும்.

மறையூர் வாசகர்: மைக்ரோ எஸ்.டி. கார்டின் ஓரம் விரிந்து கோடு விழுந்திருக்கிறது. பசை வைத்து ஒட்டலாமா?

ஒட்டாதீர்கள், வளைக்காதீர்கள், ரீடரில் செருகிச் செருகிப் பார்க்காதீர்கள். மைக்ரோ எஸ்.டி.யில் சிப்பும் கன்ட்ரோலரும் ஒரே கட்டியாக வார்க்கப்பட்டவை. கோடு வெளி ஓட்டோடு நின்றிருந்தால், மேல்பூச்சைச் சுரண்டி உள்ளே இருக்கும் புள்ளிகளில் முடி மாதிரிக் கம்பிகளைப் பற்றவைத்து நேரடியாகப் படிக்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. செலவு சில ஆயிரங்களில் முடியாது. கோடு சிப்பின் நடுவே போயிருந்தால் யாராலும் முடியாது. எது என்று ஆய்வகத்தில் பார்த்துத்தான் சொல்ல முடியும். தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, அதில் கார்டை வைத்துக் கொண்டுபோங்கள்.

பீர்மேடு வாசகர்: கணினியில் பெயர் மாற்றித் திருத்திய படங்களைக் கார்டில் திரும்பப் போட்டேன். கேமராவில் தெரியவில்லை.

தெரியாது. தான் வைத்த பெயரும் அமைப்பும் இருந்தால்தான் கேமரா காட்டும். படம் எங்கும் போகவில்லை, கணினியில் பாருங்கள்.

குமுளி, இன்னொருவர்: செல்போனில் அழித்த படங்களுக்கும் ஃபோட்டோரெக் உதவுமா?

போனின் உள் நினைவகத்தில் உதவாது. அங்கே எல்லாமே பூட்டுப் போட்டுத்தான் எழுதப்படுகிறது, அழித்தால் சாவியும் சேர்ந்து போய்விடும். கூகுள் ஃபோட்டோஸின் குப்பைத் தொட்டியைத் திறந்து பாருங்கள். பேக்கப் ஆன படங்கள் 60 நாள் அங்கே இருக்கும், ஆகாதவை 30 நாள். எப்போது அழித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் இன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது.