ஒரு டயர் கிழிந்தால் நான்கையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்களிடம் இருப்பது 2022 மாடல் கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கிற கார். 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வாரம் கொல்லிமலை ஏறும்போது கல் குத்தி, பின்பக்க டயர் ஒன்று பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. ஒரு கடையில் அதை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள். இன்னொரு கடையில் ஜோடியாகப் போடச் சொல்கிறார்கள். லாரி வைத்திருக்கும் என் மாமா, மீதி மூன்றையும் ரீட்ரெட் பண்ணிக்கொள்ளலாம், அதாவது தேய்ந்த டயர் மேல் புது ரப்பர் ஒட்டிக்கொள்ளலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (நாமக்கல் வாசகி)

பதில்: நான்கையும் மாற்றுங்கள். செலவு வலிக்கும்தான், ஆனால் உங்கள் வண்டிக்கு அதுதான் சரி. முன்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியாக இருந்தால், இரண்டு போதும் என்று நானே சொல்லியிருப்பேன்.

உங்கள் வண்டியில் முன்பக்கமும் பின்பக்கமும் நடுவில் ஒரு கிளட்ச் வழியாக இணைந்திருக்கின்றன. எந்தச் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். உங்கள் டயரின் அளவு 215/60 ஆர் 17. புதிதாக இருக்கும்போது அது ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 461 முறை சுற்றும். அதே டயர் 4 மில்லிமீட்டர் தேய்ந்தால் 467 ஆகிவிடும். இப்போது பின்னால் இரண்டு புது டயர் போட்டால், முன்சக்கரங்கள் எந்நேரமும் கொஞ்சம் வேகமாகவே சுற்றும். வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக் கிளட்சைப் பிடிக்கவைக்கும். நடை ஒத்துப்போகாத இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டின மாதிரிதான். சூடேறித் தேய்வது கிளட்ச். ஒன்றை மட்டும் மாற்றினால், பின் அச்சில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி நேர்ச் சாலையில்கூட ஓய்வில்லாமல் வேலை செய்யும். அதைப் பிரித்துச் சரிசெய்கிற செலவோடு பார்த்தால் மூன்று டயரின் விலை பெரிதே இல்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு. மற்ற மூன்றிலும் பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள், ஏறக்குறைய புதிதாகவே இருந்தால், ஒன்றை மட்டும் மாற்றலாம். ஏறக்குறைய என்றால் புது டயருக்கும் இவற்றுக்கும் பட்டன் ஆழ வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வண்டிக் கையேட்டில் இன்னும் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடாது. ஆழம் அளக்கும் கேஜ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்படி ஒற்றை டயர் வாங்கினாலும் அதே கம்பெனி, அதே டிசைனாக இருக்க வேண்டும். 38,000 ஓடின உங்கள் டயர்கள் இந்தக் கணக்குக்குள் வர வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் கடைக்காரர் வாயால் கேட்பதைவிட நீங்களே அளந்துவிடுவது நல்லது.

மாமா சொன்ன ரீட்ரெட் லாரிக்குப் பொருந்தும். லாரி டயர் அதற்குத் தாங்கும்படியே செய்யப்பட்டது. கார் டயரின் பக்கச் சுவர் மெல்லியது. தவிர, ஒட்டுகிற ரப்பரின் கனம் மூன்றிலும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. நமக்குத் தேவையே அந்த ஒற்றுமைதான்.

அப்புறம், ‘ஷோரூம் வண்டியில் கழட்டியது, புதுசு மாதிரி’ என்று பாதி விலைக்கு ஒருவர் வருவார். தேய்ந்த டயரைச் சூடான கத்தியால் மறுபடி வெட்டி, கறுப்புப் பாலிஷ் அடித்து விற்கும் வேலை இது. குனிந்து பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள். நல்ல டயரில் பள்ளத்தின் அடியில் சின்ன மேடுகள் தட்டுப்படும்; 1.6 மில்லிமீட்டர் உயரத் தேய்மான அடையாளம் அவை. வெட்டின டயரில் அவை காணாமல் போயிருக்கும், பள்ளத்தின் ஓரம் சொரசொரப்பாக இருக்கும், சில சமயம் உள்ளே இருக்கும் இழைகூடத் தெரியும். மழையில் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்குகிற வண்டியில் இதைப் போட்டு விற்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. கழட்டின மூன்று டயரையும் அவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள்.

புது டயரிலும் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். ஒரு வருடத்துக்கு மேல் கிடங்கில் கிடந்தது என்றால் வேறு கேளுங்கள். பழைய டயரில் 96 எச் என்றிருந்தால் புதியதும் அதற்குக் குறையக்கூடாது. 96 என்பது ஒரு டயருக்கு 710 கிலோ, 94 என்றால் 670 கிலோதான். எச் என்பது டயர் தாங்கும் வேகத்துக்கான குறி. கரடுமுரடான பாதைக்கென்று முரட்டுப் பட்டன் வைத்த ஏ.டி. டயர் தார்ச்சாலைக் குடும்ப வண்டிக்கு வேண்டாம்.

காப்பீட்டில் கேட்கலாமா என்றால், டயர் மட்டும் சேதமானால் சாதாரண பாலிசியில் ஒரு பைசா வராது. வண்டியும் சேர்ந்து அடிபட்டால் டயர் விலையில் பாதி. டயருக்கென்று தனியாகச் சேர்த்திருந்தால்தான் வழி. பாலிசி விற்கிற அன்றைக்கு இதை எடுத்துச் சொல்வது யார்? சொந்தக் காருக்கு 15 வருடம் வரை தகுதிச் சோதனையும் கிடையாது. புகையைப் பார்த்துச் சான்று தருகிறார்கள், டயரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்த ஏற்பாட்டை நம்பி மலை ஏற முடியாது.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதைச் சரிபாருங்கள். மாட்டியதும் அலைன்மென்ட், பேலன்சிங் பார்த்துவிடுங்கள். பிறகு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றினால் நான்கும் சேர்ந்து தேயும். புது டயர் வரும்வரை ஸ்டெப்னியோடு ஊருக்குள் மட்டும் மெதுவாக ஓட்டுங்கள். ஸ்டெப்னி சின்ன அளவாக இருந்தால், அதில் ஒட்டியிருக்கும் வேக வரம்பைத் தாண்ட வேண்டாம், மலைப்பக்கம் போகவே வேண்டாம்.