தறி மிதிக்கும் காலுக்கு என்ன கணக்கு?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். குடியாத்தத்தில் குழித்தறியில் லுங்கி நெய்கிறேன். வயது 38. வாலாஜா பக்கம் நெடுஞ்சாலையில் ஓரமாக மொபெட்டில் போனபோது பின்னால் வந்த கார் இடித்து வலது முழங்கால் எலும்பு முறிந்தது. பிளேட் வைத்தும் கால் சரியாக மடங்கவில்லை. ஐந்து மாதம் ஆகிறது. அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் 30 சதவீத ஊனம் என்று சான்றிதழ் தந்தார்கள். "நாற்பதுக்குக் கீழே ஒன்றும் தேறாது, சம்பளச் சீட்டும் கிடையாது, ஐம்பதாயிரத்தோடு முடித்துக்கொள்" என்கிறார் சமரசம் பேச வந்தவர். கையெழுத்துப் போடலாமா? கேஸ் போட்டால் ராணிப்பேட்டைக்கு அலைய வேண்டுமா?

பதில்: போடாதீர்கள் தம்பி. முதலில் தேதியைப் பாருங்கள். 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, விபத்து நடந்து 6 மாதத்துக்குள் வாகன விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். ராணிப்பேட்டைக்கு அலைய வேண்டாம்; நீங்கள் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

அந்த 40 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு வேலை ஒதுக்கீடு போன்றவற்றுக்கு வைத்த அளவு. விபத்து நஷ்டஈட்டுக்கு அப்படி ஒரு கோடே கிடையாது. சமரசம் பேச வருகிறவர்கள் இரண்டையும் குழப்புவது தெரியாமலா, தெரிந்தேவா என்று நான் சொல்ல மாட்டேன்.

உடம்பில் எத்தனை சதவீதம் போனது என்பதைவிட, பிழைப்பில் எவ்வளவு போனது என்பதுதான் கேள்வி. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: இடது கையை இழந்த தச்சருக்குச் சம்பாத்தியம் கிட்டத்தட்ட முழுசும் போகலாம், அதே கையை இழந்த அரசு குமாஸ்தாவுக்கு வேலை நிலைக்கலாம். குழித்தறியில் கால் மிதித்தால்தானே பாவு நூலைத் தூக்கும் விழுது ஏறி இறங்கும்? மடங்காத காலோடு குழிக்குள் எப்படி உட்காருவீர்கள், நாளைக்கு எத்தனை மணி நேரம் மிதிக்க முடிகிறது என்பதைச் சாட்சியத்தில் விவரமாகச் சொல்லுங்கள்.

கணக்கு இப்படி. மாத வருமானம் 12,000 என்று வைப்போம். வயது 40-க்குள் என்பதால் வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 16,800. வருடத்துக்கு 2,01,600. உங்கள் வயதுக்கு வருட வருமானத்தைப் பெருக்கும் எண் 15, ஆக 30,24,000. இதில் 30 சதவீதம் என்றாலே 9,07,200 ரூபாய். பிழைப்பு இழப்பு 60 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றால் 18,14,400. ஆஸ்பத்திரிச் செலவு, வேலை இல்லாத மாதங்களின் வருமானம், வலி வேதனைக்கான தொகை எல்லாம் தனி.

சம்பளச் சீட்டு எந்த நெசவாளிக்கு இருக்கிறது? பாவு வாங்கி, லுங்கி கொடுத்து, கூலி வாங்கிய நோட்டு இருந்தால் பத்திரமாக வையுங்கள். கூலி தந்தவரைச் சாட்சி சொல்ல அழையுங்கள்.

ஒன்று மட்டும் உங்களுக்குப் பாதகமாகத் திரும்பலாம். சான்றிதழில் உள்ள 30, காலுக்கு மட்டுமா, முழு உடம்புக்கா? காலுக்கு மட்டும் என்றால் உடம்புக்கான அளவு குறையும். அதை டாக்டரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழை நீட்டினால் மட்டும் போதாது, அவர் தீர்ப்பாயத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும்.