மசோதா குழுவுக்குப் போனால் என்ன ஆகும்? தொழிலாளர், கல்விச் சட்டங்கள் குறித்த கேள்வி பதில்

தொழிற்சங்கங்களுக்காகவும் பள்ளிக் கல்வியில் இயங்கும் அமைப்புகளுக்காகவும் நாடாளுமன்றக் குழுக்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றுசேர்த்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு, "இதையெல்லாம் குழுவில் யாரும் பார்க்கவில்லையா?" என்ற கேள்வி நிறைய பேரிடமிருந்து வருகிறது. பார்த்தார்கள். என்ன பார்த்தார்கள், அதில் எது மிஞ்சியது என்பதுதான் விஷயம். வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில் இதோ.

மில் தொழிலாளி, கோயம்புத்தூர்: மேடம், மசோதாவை நிலைக்குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று செய்தியில் படிக்கிறோம். அந்தக் குழு மசோதாவைத் திருத்திவிடுமா?

திருத்தாது. இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். துறைசார்ந்த நிலைக்குழுக்கள் 1993இல் வந்தன. இப்போது 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், ஆக 31 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. தொழிலாளர் துறைக்கான குழு மக்களவைத் தலைவரின் கீழும், கல்விக்கான குழு மாநிலங்களவைத் தலைவரின் கீழும் வேலை செய்கின்றன.

இந்தக் குழு மசோதாவைப் பிரிவு பிரிவாகப் படிக்கும். துறைச் செயலரை அழைத்துக் கேள்வி கேட்கும். சங்கங்களையும் முதலாளிகள் அமைப்புகளையும் வரச் சொல்லிக் கேட்கும். கடைசியில் ஓர் அறிக்கை கொடுக்கும். அந்த அறிக்கை ஆலோசனைதான். அரசு ஏற்றுக்கொண்டால், தானே திருத்தம் கொண்டுவரும், இல்லையென்றால் பழைய மசோதாவைத் திரும்பப் பெற்றுப் புதிதாக ஒன்றை அறிமுகம் செய்யும். ஏற்காவிட்டால் மசோதா பழையபடியே அவைக்குப் போகும், யாரும் தடுக்க முடியாது.

சட்டக்கல்லூரி மாணவி, மதுரை: அப்படியானால் குழுவில் வாக்கெடுப்பு நடந்தது என்று சொல்கிறார்களே, அது எங்கே?

அது தெரிவுக்குழு (ஓர் அவையின் உறுப்பினர்கள் மட்டும்), கூட்டுக்குழு (இரு அவை உறுப்பினர்களும்) இரண்டிலும். ஒரு குறிப்பிட்ட மசோதாவுக்காகவே இவற்றை அமைப்பார்கள், வேலை முடிந்ததும் கலைந்துவிடும். இவற்றுக்கு மசோதாவின் வாசகத்தையே மாற்றும் அதிகாரம் உண்டு.

நடைமுறை இப்படி இருக்கும். சாட்சியம் கேட்டு முடித்த பிறகு உறுப்பினர்கள் தங்கள் திருத்தங்களை எழுத்தில் கொடுப்பார்கள். மசோதாவை ஷரத்து ஷரத்தாக, அதாவது பிரிவு பிரிவாக, எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு ஷரத்துக்கும் வந்த திருத்தங்களை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு அந்த ஷரத்தை ஏற்பதா என்று கேட்பார்கள். சட்டத்தின் பெயரைச் சொல்லும் முதல் ஷரத்தைக் கடைசியில்தான் எடுப்பார்கள். வந்திருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை எந்தப் பக்கமோ அதுவே முடிவு. சரிசமமாக விழுந்தால் தலைவருக்கு ஒரு முடிவு வாக்கு உண்டு. கூட்டம் நடத்தவே மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் வந்திருக்க வேண்டும்.

குழு திருத்திய மசோதாவை அச்சிடும்போது புதிதாகச் சேர்ந்த சொற்களின் கீழோ பக்கத்திலோ கோடு இருக்கும். நீக்கிய இடத்தில் நட்சத்திரக் குறிகள் இருக்கும். அந்தப் பிரதியை ஒருமுறையாவது எடுத்துப் பாருங்கள். எந்த வரியில் இழுபறி நடந்தது என்று கண்ணுக்கே தெரியும்.

சமீபத்தில் வாக்கு விவரம் வெளியே வந்த கூட்டுக்குழு வக்ஃப் திருத்த மசோதாவுக்கானது. 2025 ஜனவரியில் எதிர்க்கட்சிகள் கொடுத்த திருத்தங்கள் 10க்கு 16 என்ற கணக்கில் தோற்றன. ஆளும் தரப்பு கொடுத்தவற்றில் 14 ஏற்கப்பட்டன. அறிக்கை 15க்கு 11 என்று நிறைவேறியது. குழுவின் கட்சிக் கணக்கு அவையின் கட்சிக் கணக்கை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் இதில் ஆச்சரியம் இல்லை. கல்வியில் இப்போது கவனிக்க வேண்டியது, 2025 டிசம்பரில் கூட்டுக்குழுவுக்குப் போன உயர்கல்வி ஒழுங்குமுறை மசோதா.

அதே மாணவி: குழுவில் கொறடா உத்தரவு செல்லுமா மேடம்?

செல்லாது. கட்சி சொன்னபடி ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் கட்டுப்பாடு அவையில் போடும் ஓட்டுக்கு மட்டும்தான். குழுவில் ஓர் உறுப்பினர் கட்சிக்கு மாறாக நின்றாலும் பதவி போகாது. கேமராவும் இல்லை, கூட்டம் மூடிய அறையில் நடக்கிறது. அதனால்தான் அவையில் பேசாத எம்.பி.க்கள்கூட இங்கே நல்ல கேள்வி கேட்கிறார்கள். குழுக்களை நான் இன்னும் நம்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சங்க நிர்வாகி, ஓசூர்: தோழர், தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நிலைக்குழு சொன்னதில் முக்கால்வாசியை ஏற்றுக்கொண்டோம் என்று அரசு சொன்னதே, உண்மையா?

233 பரிந்துரைகளில் 174ஐ ஏற்றோம் என்று 2020இல் அரசு சொன்னது உண்மை. ஆனால் எண்ணிக்கையை வைத்து எடை போடாதீர்கள் தோழர். ஒரு சொல் பிழையைத் திருத்துவதும் ஒரு பரிந்துரைதான், வேலைநிறுத்த உரிமையைத் தொடுவதும் ஒரு பரிந்துரைதான். நான்கு தொகுப்புகளில் ஒன்றான தொழில் உறவுகள் தொகுப்பில் இரண்டு இடங்களை மட்டும் காட்டுகிறேன்.

ஒன்று, ஆட்குறைப்பு. பழைய சட்டப்படி 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையை மூடவோ ஆள் குறைக்கவோ அரசின் முன் அனுமதி வேண்டும். 2019 மசோதா 100 என்றே வைத்துக்கொண்டு, அரசு அறிவிக்கை மூலம், அதாவது நாடாளுமன்றத்துக்கு வராமல் ஓர் ஆணையாலேயே, அந்த எண்ணை மாற்றலாம் என்றது. நிலைக்குழு, ராஜஸ்தான் 300 ஆக்கியதைச் சுட்டிக்காட்டி, எண்ணை 300 ஆக்குங்கள், ஆனால் அதைச் சட்டத்திலேயே எழுதுங்கள், அறிவிக்கையில் மாற்றும் அதிகாரத்தை எடுத்துவிடுங்கள் என்றது. 2020இல் வந்த புது மசோதாவில் 300 இருந்தது. கூடவே, "அறிவிக்கப்படும் அதைவிட உயர்ந்த எண்ணிக்கை" என்பதும் இருந்தது. அதாவது தொழிலாளிக்குப் பாதகமான பாதியை ஏற்றார்கள், நாடாளுமன்றத்தைக் காக்கும் பாதியை விட்டுவிட்டார்கள். இது ஏற்ற கணக்கில் வருமா, ஏற்காத கணக்கில் வருமா?

இரண்டாவது, வேலைநிறுத்த நோட்டீஸ். முன்பு குடிநீர், மின்சாரம் மாதிரியான பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும்தான் முன்கூட்டி நோட்டீஸ் கட்டாயம். மசோதா அதை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் நீட்டியது. அப்படிச் செய்யாதீர்கள், அத்தியாவசியச் சேவைகளோடு நிறுத்துங்கள் என்று குழு சொன்னது. சட்டத்தில் இன்றும் எல்லோருக்கும் 14 நாள் நோட்டீஸ்தான்.

காலத்தையும் பாருங்கள். அந்த அறிக்கை 2020 ஏப்ரல் 23 அன்று, பொதுமுடக்கத்தின் நடுவில், சபாநாயகரிடம் போனது. செப்டம்பர் 19 அன்று பழைய மசோதாக்களைத் திரும்பப் பெற்று மூன்று புதிய மசோதாக்களை அறிமுகம் செய்தார்கள். 22 அன்று மக்களவை, 23 அன்று எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்த மாநிலங்களவை. பழைய வாசகத்தைக் குழு மாதக்கணக்கில் படித்தது, புதிய வாசகத்தை எந்தக் குழுவும் படிக்கவில்லை. என் ஆதங்கம் இதில்தான்.

அரசுப் பள்ளி ஆசிரியை, விருதுநகர்: பள்ளி முடிந்து வீட்டுத் தொழிலில் உதவலாம் என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது. மதியம் வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைகளைப் பார்க்கும்போது இதை யார் அனுமதித்தார்கள் என்று கோபம் வருகிறது.

உங்கள் கோபம் நியாயம் டீச்சர். தொழிலாளர் குழுவும் இதைத்தான் சொன்னது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2012 டிசம்பரில் மாநிலங்களவையில் திருத்த மசோதா வந்தது. 14 வயதுக்குட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்பது அதன் மையம். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பள்ளியில் இருக்க வேண்டும் என்று சொன்ன பிறகு இந்த மசோதா வந்தே ஆக வேண்டியிருந்தது. ஆனால் ஒரு விதிவிலக்கு வைத்தார்கள்: பள்ளி நேரத்துக்குப் பின் வயலிலோ வீட்டுத் தொழிலிலோ குடும்பத்துக்கு உதவலாம். நிலைக்குழு 2013 டிசம்பரில் கொடுத்த அறிக்கையில் அந்த விதிவிலக்கை எடுத்துவிடச் சொன்னது. பிள்ளை வீட்டுக்கு உதவுகிறதா, குடும்ப வருமானத்துக்காக உழைக்கிறதா என்பதை யார் போய்ப் பார்ப்பது? வீட்டுக்குள் நடப்பதைக் கண்காணிக்க அமைச்சகத்திடம் வழியில்லை என்பதுதான் குழுவின் வாதம்.

2016 ஜூலையில் இரு அவைகளிலும் நிறைவேறிய சட்டத்தில் விதிவிலக்கு போகவில்லை. அபாயகரமான தொழில்களை விலக்கிவிட்டு, "குடும்பம் அல்லது குடும்பத் தொழில்" என்று அதைச் சட்டமாக்கினார்கள். தீப்பெட்டி, பட்டாசுக்குப் பெயர்போன உங்கள் மாவட்டத்தில் ஒப்பந்த வேலை எப்படி வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்கிறது என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித் தரலாம்.

அதே ஆசிரியை: 2012 மசோதா 2014 தேர்தலுக்குப் பிறகும் எப்படி உயிரோடு இருந்தது?

மாநிலங்களவையில் அறிமுகமானதால். மக்களவை கலைந்தால் அங்கே நிலுவையில் உள்ள மசோதாக்கள் காலாவதியாகும், மாநிலங்களவையில் தொடங்கி அங்கேயே நிலுவையில் இருப்பவை ஆகாது. ஊதியத் தொகுப்பு 2017இல் மக்களவையில் வந்தது. 2018 டிசம்பரில் குழு அறிக்கை கொடுத்தும் 2019 தேர்தலோடு மசோதா காலாவதியாகி, அதே ஆண்டு ஜூலையில் புதிதாக வந்தது.

ஒரு அப்பா, சேலம்: ஐந்தாம் வகுப்பிலேயே ஃபெயில் போடலாம் என்ற சட்டமும் குழுவுக்குப் போனதா?

போனது. கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தும் 2017 மசோதா, 2018 பிப்ரவரியில் அறிக்கை. இதில் குழு அரசின் பக்கம் நின்றது. 5, 8 வகுப்புகளில் தேர்வு, தோற்றால் இரண்டு மாதத்தில் மறுதேர்வு, அதிலும் தோற்றால் நிறுத்தி வைப்பதா என்பதை அந்தந்த அரசு முடிவு செய்யலாம். 2019 ஜனவரியில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. முடிவு மாநிலத்திடம் இருப்பதால்தான், 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கு விதியை மாற்றியபோதும் தமிழ்நாடு எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி தொடரும் என்று சொல்ல முடிந்தது.

பத்திரிகையாளர், சென்னை: குழு அறிக்கையை ஏற்காத உறுப்பினர்கள் அதோடு இணைக்கும் மறுப்புக் குறிப்பால் என்ன பயன்? தோற்றவர்கள் மனக்குறையை எழுதி வைப்பதுதானே?

அப்படி நினைக்காதீர்கள். நிலைக்குழுவில் பெரும்பாலும் ஓட்டே நடப்பதில்லை, பொதுக் கருத்தாக முடித்துவிடுவார்கள். யார் எதை எதிர்த்தார் என்பதற்கு மறுப்புக் குறிப்புதான் நிலையான சான்று. தொழில் உறவுகள் மசோதா அறிக்கைக்கு மார்க்சிஸ்ட் எம்.பி. எளமரம் கரீம் எழுதிக் கொடுத்தது அப்படிப்பட்டது. நிதானமான மொழியில் இருக்க வேண்டும், குழுவைக் குறை சொல்லக் கூடாது என்று விதி உண்டு. அதைச் சொல்லித்தான் வக்ஃப் குழுவில் சில பகுதிகளை நீக்கினார்கள். அவையில் பெரிய சண்டையான பிறகு திரும்பச் சேர்த்தார்கள்.

கல்லூரிப் பேராசிரியர், திருச்சி: நம் சட்டமன்றத்தில் இந்த மாதிரிக் குழு உண்டா?

துறைவாரியாக மசோதாவைப் பரிசீலிக்கும் நிலைக்குழு இல்லை. தெரிவுக்குழுவுக்கு அனுப்ப விதியில் இடம் உண்டு, அனுப்புவது அபூர்வம். பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் அறிமுகம், ஒன்றிரண்டு நாளில் குரல் வாக்கெடுப்பு.

விளைவை இருமுறை பார்த்தோம். 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம், அதாவது 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா, நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. 24 அன்று சங்கங்களோடு பேசிவிட்டு நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அப்புறம் 2025 அக்டோபர். தனியார் பல்கலைக்கழகத்துக்கான குறைந்தபட்ச நிலத்தை 100 ஏக்கரிலிருந்து மாநகராட்சியில் 25 ஏக்கர் வரை குறைத்து, உதவிபெறும் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகமாக மாற வழிசெய்த மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் பின்வாங்கினார்கள்.

இரண்டிலும் சங்கங்களையும் ஆசிரியர் அமைப்புகளையும் மசோதா நிறைவேறிய பிறகுதான் கேட்டார்கள். ஒரு குழு முன்கூட்டியே அழைத்திருந்தால் அதே வாதங்களை மேசையில் வைத்திருப்பார்கள். மாநில உரிமைக்காக இவ்வளவு பேசும் ஒரு சட்டமன்றத்துக்கு இந்த ஏற்பாடு கட்டாயம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டெல்லியையும் இதில் முன்மாதிரி என்று சொல்ல மாட்டேன். 15ஆவது மக்களவையில் சுமார் 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின, 17ஆவதில் சுமார் 16 சதவீதம்தான்.

வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கத்திலிருந்து ஓர் அக்கா: நாங்கள் எழுதிப் போட்டால் படிப்பார்களா?

படிப்பார்கள் அக்கா. குழு செயலகம் நாளிதழிலும் இணையதளத்திலும் விளம்பரம் கொடுத்துக் கருத்து கேட்கும். அவகாசம் குறைவாகத்தான் இருக்கும், அதனால் மசோதா அறிமுகமான அன்றே எழுதத் தொடங்குங்கள். பொதுவாகக் கண்டிக்கிறோம் என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்த ஷரத்து, அதில் எந்தச் சொல், அதற்குப் பதில் என்ன சொல் வேண்டும் என்று மூன்றையும் எழுதுங்கள். கீழே, அந்தச் சொல்லால் உங்கள் உறுப்பினர் ஒருவருக்கு என்ன ஆகும் என்று நாலு வரி. நேரில் சொல்லவும் விரும்புகிறோம் என்று மறக்காமல் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கூப்பிட மாட்டார்கள். மனு கொடுத்த பிறகு அது குழுவின் ஆவணம் ஆகிவிடும். அறிக்கை அவையில் வைக்கப்படும் வரை அதை வாட்ஸ்அப்பிலோ பத்திரிகையிலோ போடாதீர்கள்.

உங்கள் வரைவை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். ஷரத்து எண்களைச் சரிபார்த்து, ஆங்கிலத்தில் மாற்றித் தருகிறேன்.