கருமணல் கரையில் அபாய மணி எப்போது ஒலிக்க வேண்டும்?

கேள்வி: பொழியூரில், தமிழக எல்லையை ஒட்டிய கடற்கரைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மாணவர்கள் கைக்கருவியால் அளந்தபோது, வகுப்பறையைவிடக் கருமணலில் கதிர்வீச்சு பல மடங்கு காட்டியது. மழையிலும் ஏறியது. இங்கே அணு உலை விபத்தைக் கண்டறியும் கதிர்வீச்சுக் கண்காணிப்பு நிலையம் வைத்தால் ஓயாமல் பொய் எச்சரிக்கை தராதா? கிராம சபையில் என்ன கேட்பது?

பதில்: மொத்த அளவை மட்டும் பார்க்கும் கருவியை வைத்தால் தரும். கருமணலில் உள்ள மோனசைட் என்னும் தாதுவில் கதிர்வீசும் தோரியம் இருக்கிறது. அது காலங்காலமாக அங்கேயே கிடப்பது. மழையில் ஏறுவதற்குக் காரணம் வேறு. காற்றிலுள்ள ரேடான் என்னும் கதிர்வீச்சு வாயு சிதைந்து உருவாகும் சேய்த் தனிமங்களான ஈயம்-214, பிஸ்மத்-214 ஆகியவற்றை மழை தரைக்கு இறக்குகிறது. அவற்றின் அரை ஆயுள், அதாவது பாதியாகச் சிதைய ஆகும் நேரம், முறையே 27, 20 நிமிடங்கள்தான். மழை விட்ட சில மணி நேரத்தில் அளவு பழைய நிலைக்கு இறங்கிவிடும். இறங்காவிட்டால்தான் கவனிக்க வேண்டும்.

ஆகவே, எந்தத் தனிமம் என்று பிரித்துச் சொல்லும் நிறமாலைக் கருவியையே கேளுங்கள். தோரியம் வழிவந்த தாலியம்-208 காட்டும் காமா ஆற்றல் 2,615 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அணு உலை விபத்தில் வெளியேறும் அயோடின்-131 காட்டுவது 364. இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. பக்கத்திலேயே மழைமானியும் வேண்டும். கருவியைப் புல்தரையில், சுவர்களிலிருந்து விலகி, ஒரு மீட்டர் உயரத்தில் நிறுத்த வேண்டும். மொட்டை மாடி வசதியான இடம்தான், ஆனால் கட்டடத்தின் கதிர்வீச்சும் அளவில் கலந்துவிடும்.

மின்சாரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். 2011-இல் அணு உலை விபத்து நடந்த ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாணத்தின் 24 கண்காணிப்பு நிலையங்களில் 23 நிலநடுக்கத்தாலும் சுனாமியாலும் பயனற்றுப் போயின. தேவைப்பட்ட நேரத்தில் கண் இல்லை. சூரியத் தகடு, மின்கலம், கைபேசிக் கோபுரம் விழுந்தாலும் இயங்கும் செயற்கைக்கோள் இணைப்பு மூன்றும் அவசியம்.

கூடங்குளம் அணுமின் நிலையம் உங்களுக்குக் கிழக்கே ஏறக்குறைய 70 கி.மீ. தொலைவில் இருக்கிறது. 16 கி.மீ. அவசரத் திட்ட வட்டத்துக்கு வெளியேதான். ஆனால் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் கொண்டல் (கீழைக்காற்று) வீசினால், விபத்தில் வெளியேறும் மாசு நான்கு மணி நேரத்தில் இங்கே வந்துவிடும். ஜப்பானில் 30 கி.மீ.க்கு அப்பால் இருந்த இதாத்தே கிராமத்தில் மழையும் பனியும் மாசைத் தரையிறக்கின; வெளியேறச் சொன்னது அடுத்த மாதம்தான். எனவே கருவியின் தகவல் திருவனந்தபுரம், நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகங்கள் இரண்டுக்கும் ஒரே நொடியில் போக வேண்டும். அறிவிப்பு மலையாளத்திலும் தமிழிலும் வர வேண்டும். இதைத்தான் முதல் கோரிக்கையாக வைப்பேன்.

அதுவரை, ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் தினமும் அளந்து, மழையையும் காற்றின் திசையையும் சேர்த்து மாணவர்களை எழுதிவைக்கச் சொல்லுங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை) இரண்டின் அளவுகளும் அந்த நோட்டில் இருக்கட்டும். நிலையம் அமைக்க வருபவர்களுக்கு எச்சரிக்கை எல்லையை நிர்ணயிக்க அது உதவும்.