சரணடைந்தவனுக்குப் பதக்கமா?

கேள்வி: அயர்லாந்து நடுநிலை நாடு. இரண்டாம் உலகப் போரிலேயே கலந்துகொள்ளாத ராணுவத்துக்கு வீரப்பதக்கம் எதற்கு? அதிலும் காங்கோவில் ஆயுதத்தைக் கீழே வைத்துச் சரணடைந்தவர்களுக்கெல்லாம் பதக்கம் கொடுத்தார்களாமே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கேள்வியைக் கேட்பதற்கு முன்பே தீர்ப்பை எழுதிவிட்டீர்கள். பரவாயில்லை, மேல்முறையீடாக எடுத்துக்கொள்கிறேன்.

அயர்லாந்து ராணுவத்தின் உயரிய வீரப்பதக்கம் 1944இல் ஏற்பட்டது. ஐரிஷ் மொழியில் 'அன் பான் மீலட்டா கல்மக்டா' என்பார்கள். போர்க்காலச் செயல்களுக்கு அது இல்லை என்று அதன் விதியே சொல்கிறது. போர் அல்லாத ராணுவப் பணியில் உயிரையும் உடலையும் பணயம் வைத்துக் காட்டிய அசாதாரணத் துணிச்சலுக்கே அது உரியது. நம் அசோக் சக்ராவை நினைத்துக்கொண்டால் பாதி சந்தேகம் தீரும். அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று கவலைப்படவும் வேண்டாம். முதல் பதக்கத்துக்கான சம்பவமே 1960இல்தான் நடந்தது. இன்றுவரை அதைப் பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தச் சம்பவம் நடந்த இடம் காங்கோவில் உள்ள நியெம்பா. 1960 நவம்பர் 8 அன்று லெப்டினன்ட் கெவின் கிளீசன் தலைமையில் ஐ.நா. அமைதிப் படையின் பதினோரு ஐரிஷ் வீரர்கள் ரோந்து சென்றபோது பலூபா இனத்தவர் சூழ்ந்து தாக்கினார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரான ஆன்டனி பிரௌனின் உடல் கிடைக்கவே இரண்டாண்டு ஆயிற்று. தப்பித்து ஓடாமல் நின்று சுட்டு, காயமடைந்த தோழர் ஒருவர் தப்ப வழி செய்தார் என்று பாராட்டுரை எழுதி அவருக்கு முதல் பதக்கத்தைக் கொடுத்தார்கள்.

இறந்தவரைக் கௌரவிப்பதில் அரசாங்கங்களுக்குச் சங்கடம் எதுவும் இல்லை. உயிரோடு திரும்பி, "எங்களை ஏன் அங்கே அனுப்பினீர்கள்?" என்று கேட்கக்கூடியவர்கள்தான் சங்கடம். நீங்கள் குத்திக்காட்டும் சரணாகதி, அதாவது ஜடோவில் விவகாரமும் அப்படிப்பட்டதே.

காங்கோவிலிருந்து பிரிந்து நின்ற கடாங்கா மாகாணத்தில் ஜடோவில் ஒரு சுரங்க நகரம். இப்போது அதன் பெயர் லிகாசி. அங்கிருந்த ஐரோப்பியக் குடியேறிகளைக் காப்பதற்கென்று கமாண்டன்ட் பாட் குவின்லன் தலைமையிலான 'ஏ' கம்பெனி என்ற ஐரிஷ் படைப்பிரிவை அனுப்பினார்கள். காப்பாற்றப்பட வேண்டியவர்களோ இவர்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குவின்லன் நிலைமையைப் புரிந்துகொண்டு உடனே பதுங்குகுழி வெட்டச் சொன்னார். 1961 செப்டம்பர் 13 காலையில், வீரர்களில் பலர் திறந்தவெளித் திருப்பலியில் இருந்தபோது தாக்குதல் தொடங்கியது. எதிரே கடாங்காப் படையினரும் ஐரோப்பியக் கூலிப்படையினரும் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். மேலே ஒரு ஜெட் விமானம் குண்டு போட்டது. இங்கே இருந்தவர்கள் சுமார் 155 பேர். கையில் இலகுரக ஆயுதங்கள்தான்.

மீட்கப் போன படை லுஃபிரா ஆற்றுப் பாலத்தைத் தாண்ட முடியாமல் திரும்பியது. ஹெலிகாப்டரில் தண்ணீர் வந்தது. அதை நிரப்பியிருந்தது பெட்ரோல் பிடித்து வைத்திருந்த கேன்களில், ஆகவே குடிக்க முடியவில்லை. கடைசித் தோட்டா தீரும்வரை நிற்போம், கொஞ்சம் விஸ்கி கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று வானொலியில் செய்தி அனுப்பினார் குவின்லன். ஐந்தாம் நாள் தோட்டாவும் தண்ணீரும் தீர்ந்த பிறகுதான் சரணடைந்தார்கள். ஐந்து பேர் காயப்பட்டார்கள், ஒருவர்கூட இறக்கவில்லை. சுமார் ஐந்து வாரம் கைதிகளாக இருந்தார்கள்.

இதில் கோழைத்தனம் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஊர் திரும்பிய பிறகு 'ஜடோவில் ஜாக்' என்ற கேலிப் பெயர்தான் அவர்களுக்குக் கிடைத்தது. முப்பதுக்கும் மேற்பட்ட தம் வீரர்களுக்கு வீரப்பதக்கம் தரச் சொல்லிக் குவின்லன் பரிந்துரைத்தார். 1960களிலேயே பதக்கக் குழு மறுத்துவிட்டது. அவர்களைப் போற்றியிருந்தால், வலுவான ஆயுதமோ உதவிக்கு வழியோ இல்லாமல் அவ்வளவு தொலைவுக்கு அனுப்பியவர் யார் என்ற கேள்வி எழுந்திருக்கும். மறுப்புக்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

பின்னாளில் கேட்டவர்களுக்கு விதிப் புத்தகத்தைக் காட்டினார்கள். சம்பவம் நடந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தப் பதக்கத்தை வழங்கக்கூடாதாம். மறுத்தவர்களும் அவர்களே, காலம் கடந்துவிட்டது என்று கைவிரித்தவர்களும் அவர்களே. நம் அரசு அலுவலகங்களில் நடந்து தேய்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அதே காங்கோவில், அதே 1961 டிசம்பர் 5 அன்று, எலிசபெத்வில் நகரின் சாலைத் தடை ஒன்றை உடைக்கப் போய் உயிர்விட்டார் நம் கூர்க்கா ரைஃபிள்ஸ் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா. இந்தியா அவருக்குப் பரம் வீர் சக்ரா வழங்கியது. அமைதிப் படைப் பணிக்காக அதைப் பெற்றவர் அவர் ஒருவர்தான். அந்தப் பெருமையில் ஒரு குன்றிமணியும் குறையாமல் சொல்கிறேன்: தம் ஆட்கள் அத்தனை பேரையும் உயிரோடு வீட்டுக்கு அழைத்துவந்த தளபதியை அளக்க எந்த நாட்டிடமும் சரியான அளவுகோல் இல்லை.

இனி, சரணடைந்தவர்களுக்குப் பதக்கம் கொடுத்தார்களா என்பது. கொடுத்தார்கள். 2005இல் அத்லோன் படைமுகாமில் ஒரு நினைவுக்கல் நட்டார்கள். 2016இல் கம்பெனி முழுவதற்கும் ஒரு பாராட்டுப் பத்திரம் தந்தார்கள். 2017 டிசம்பரில், குவின்லன் பரிந்துரைத்த பதக்கத்தை விட்டுவிட்டு, 'ஜடோவில் பதக்கம்' என்று புதிதாக ஒன்றைச் செய்து அணிவித்தார்கள். சண்டை முடிந்து 56 ஆண்டுகள் ஆகியிருந்தன. குவின்லன் 1997இலேயே காலமாகிவிட்டார். இது அவசரப்பட்டுக் கொடுத்த பதக்கம் என்று இன்னும் உங்களுக்குத் தோன்றினால் மறுபடி எழுதுங்கள், அதையும் பிரசுரிக்கிறேன்.