பிளஸ் டூ வேதியியல்: கேள்வி உங்களுடையது, பதில் வாத்தியாருடையது

பத்தாம் வகுப்பு அறிவியலில் 96 வாங்கிய மகள், பிளஸ் ஒன் முதல் இடைத்தேர்வில் வேதியியலில் 48 வாங்கி வந்திருக்கிறாள். எங்கே தவறு நடந்தது?
(ஒரு அப்பா, வில்லியனூர்)

தவறு எதுவும் நடக்கவில்லை. பத்தாம் வகுப்பில் வேதியியல் என்பது அறிவியல் புத்தகத்தின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்த ஒரு பங்கு. இப்போது அதற்குத் தனிப் புத்தகம், அதுவும் இரண்டு தொகுதி. முதல் பாடத்திலேயே, அணு மூலக்கூறுகளை எண்ணுகிற அலகான மோல் வந்து வாசலை மறித்துக்கொண்டு நிற்கும். முதல் தேர்வில் இருபது, முப்பது மார்க் சறுக்காத பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். டம்ளரில் 180 மில்லி தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்து, "இதில் எத்தனை மோல் தண்ணீர் இருக்கிறது?" என்று கேளுங்கள். 180 கிராம், மோலார் நிறை 18, ஆகவே 10 மோல். பேனாவைத் தொடாமல் சொல்ல வேண்டும். அடுத்து, "ஹைட்ரஜன் அணுக்கள் எத்தனை மோல்?" 20. இதில் தயங்கினால் முதல் பாடத்தை மறுபடி நடத்தச் சொல்லுங்கள். டியூஷனை மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

வாயு மாறிலிக்கு 8.314 போடுவதா, 0.0821 போடுவதா? ஒரு புத்தகத்தில் ஒன்று, இன்னொன்றில் வேறு. எது சரி?
(பெயரும் இல்லை, ஊரும் இல்லை)

இரண்டும் சரி. எண்ணுக்குப் பக்கத்தில் அலகு அச்சாகியிருக்கிறதே, அதைப் படிக்காமல் கார்டு வாங்கி எனக்கு எழுதியிருக்கிறீர்கள். ஆற்றல் ஜூலில் வேண்டுமென்றால் 8.314. அழுத்தம் அட்மாஸ்பியரிலும் கன அளவு லிட்டரிலும் இருந்தால் 0.0821. வெப்பநிலை எதுவானாலும் கெல்வின்தான். 27 டிகிரி என்று கொடுத்தால் 300 என்று மாற்றி எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். அலகு எழுதாத விடை விடையே இல்லை. இதைச் சொல்வது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

இயற்பியல் வேதியியல், கனிமம், கரிமம் மூன்றில் எது கடினம்? எனக்குக் கரிமத்தைப் பார்த்தாலே பயம்.
(மாணவி, பண்ருட்டி)

முதலாவதில் கணக்குப் போடுகிறவர் பிழைப்பார், இரண்டாவதில் ஞாபகசக்தி உள்ளவர், மூன்றாவதில் தினமும் எழுதிப் பார்க்கிறவர். பண்ருட்டிக்காரருக்குக் கரிமத்தில் என்னம்மா பயம்? முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள் வெறுங்கையோடு ஏன் உடைப்பதில்லை? ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அனகார்டிக் அமிலம், கார்டால், கார்டனால் என்று அதில் இருப்பதெல்லாம் பீனால் குடும்பம், பென்சீன் வளையத்தில் 15 கார்பன் வால். பீனால் பாடத்தை அந்தக் கொட்டையிலிருந்து ஆரம்பியுங்கள், மறக்காது.

மகன் படிக்கும் தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் பாடத்தை இரண்டே மாதத்தில் முடித்துவிட்டுப் பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள். "இரண்டு வருஷம் ஒரே பாடத்தைப் படித்தால் சென்டம் நிச்சயம்" என்கிறார்கள். நல்லதுதானே?
(ஒரு அம்மா, நெய்வேலி)

வந்துவிட்டது. வருஷம் தவறாமல் வருகிற கடிதம் இது, ஊர்ப் பெயர் மட்டும்தான் மாறும்.

நல்லதில்லை அம்மா. சில வருஷங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாதம், இப்படிப்பட்ட பள்ளி ஒன்றிலிருந்து ஒரு பையன் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். மின்கலத்தின் மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் ஒரு கணக்குக் கொடுத்தேன். மூன்று தசமம் வரை பிசகாமல் போட்டான். கையெழுத்துகூட முத்து முத்தாக இருந்தது. "சரி தம்பி, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் என்ன?" என்றேன். மின்விசிறியைப் பார்த்தான். +7 என்பது பிளஸ் ஒன் முதல் பாடத்தில் இருக்கிறது. அந்தப் பாடத்தை அவனுக்கு யாரும் நடத்தவே இல்லை. எத்தனை எலக்ட்ரான் இடம் மாறுகிறது என்று கேள்வியே கொடுத்துவிட்டால் கணக்கு வரும், அவனாகக் கண்டுபிடி என்றால் வராது. மார்ச் பரீட்சையில் நல்ல மார்க் எடுத்திருப்பான், சந்தேகமில்லை. கல்லூரி முதல் பருவத்தில் என்ன ஆனான் என்பதுதான் கேள்வி.

பிளஸ் டூ வேதியியல் தனியாக நிற்கிற பாடம் இல்லை. பிளஸ் ஒன்னில் சமநிலையை விட்டவருக்கு அடுத்த வருஷம் அயனிச் சமநிலையும் தாங்கல் கரைசலும் வெறும் சூத்திரங்கள். வேதிப்பிணைப்பும் இனக்கலப்பும் தெரியாதவர் அணைவுச் சேர்மங்களைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார். வெப்ப இயக்கவியல் இல்லாமல் கிப்ஸ் ஆற்றல் கிடையாது, அது இல்லாமல் மின்வேதியியலில் பாதி கிடையாது. கரிமப் பெயரிடும் முறையையும் வினைவழி முறையையும் தாண்டிக் குதித்தவர் ஆல்டிஹைடு பாடத்தில் விழுந்து எழுந்திருப்பார்.

இந்தக் குறுக்கு வழியை அடைக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அது இல்லை. எடுத்தது சரியா தவறா என்று நான் வாதாட வரவில்லை. அடுத்தடுத்து மூன்று வருஷம் பொதுத்தேர்வு எழுதுவது பிள்ளைகளுக்குப் பெரிய பாரம்தான். ஆனால் பூட்டைக் கழற்றிய மறுநாளே திண்ணைக்கு யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். வந்துகொண்டிருக்கிறார்கள்.

நீட்டுக்குப் படிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் வேதியியலுக்கு 45 கேள்வி, 180 மார்க். கிட்டத்தட்ட பாதி பிளஸ் ஒன் பாடம். பள்ளியோடு சண்டை போட உங்களால் முடியாது, புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கி ஐந்து பாடங்களை மட்டுமாவது வீட்டில் ஒழுங்காக முடிக்கச் சொல்லுங்கள்: மோலும் ஆக்சிஜனேற்ற எண்ணும் வருகிற முதல் பாடம், வேதிப்பிணைப்பு, வெப்ப இயக்கவியல், சமநிலை, கரிம வேதியியலின் அடிப்படை. ஒவ்வொரு கணக்கிலும் அலகோடு.

நான் புதுச்சேரி அரசுப் பள்ளியில் சி.பி.எஸ்.இ. பிளஸ் டூ படிக்கிறேன். கடலூரில் பெரியப்பா பையன் ஸ்டேட் போர்டில் படித்து முடித்துவிட்டான். அண்ணனின் பிளஸ் டூ நோட்டை வைத்துப் படிக்கலாமா?
(மாணவர், லாஸ்பேட்டை)

படிக்கலாம், ஆனால் அவருடைய பிளஸ் ஒன் நோட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். கரைசல்கள், ஹாலோ ஆல்கேன்கள் இரண்டும் உங்களுக்குப் பிளஸ் டூவில் வருகின்றன, அவருக்குப் பிளஸ் ஒன்னிலேயே முடிந்துவிட்டன. திட நிலை, பரப்பு வேதியியல், உலோகவியல் ஆகியவை அவர் நோட்டில் இருக்கும். உங்கள் பிளஸ் டூ பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், தொட வேண்டாம். உங்களுக்கு 10 பாடம், அவருக்கு 15. இதைப் பார்த்துவிட்டு உங்களுடையது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். கூற்று-காரணக் கேள்வியும், பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேட்பதும் மனப்பாடத்துக்கு மசியாது. எழுத்துத் தேர்வு இருவருக்கும் 70 மார்க். உங்களுக்கு மீதி 30-உம் செய்முறை சார்ந்தது, அவருக்குச் செய்முறை 20, அகமதிப்பீடு 10.

ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டோடு தரம்பார்க்கும்போது ரோஸ் நிறம் வராமல் பழுப்பாகிவிடுகிறது. ரீடிங்கும் ஒவ்வொரு முறை ஒவ்வொன்றாக வருகிறது. பக்கத்து மேசையைப் பார்த்து எழுதிவிடலாமா?
(மாணவி, பரங்கிப்பேட்டை)

கடைசி வரியைப் படிக்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

பழுப்பு என்பது மாங்கனீசு டை ஆக்சைடு. அமிலம் போதவில்லை, அல்லது சூடு போதவில்லை, அல்லது நீங்கள் அவசரமாகத் திறந்துவிட்டீர்கள். பிப்பெட்டில் 20 மில்லி எடுத்தால் கிட்டத்தட்ட அதே அளவு நீர்த்த சல்பூரிக் அமிலம் சேருங்கள். ஹைட்ரோகுளோரிக் வேண்டாம், பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றி ரீடிங்கைக் கெடுக்கும். 60, 70 டிகிரிக்குச் சூடாக்குங்கள். குடுவையிலிருந்து ஆவி எழும்போதே அடுப்பை விட்டு இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிடக் கூடாது. முதல் சொட்டு விழுந்ததும் நிறம் போகாமல் நிற்கும். இங்கேதான் பிள்ளைகள் பயந்துபோய் "முடிந்துவிட்டது" என்று நிறுத்துகிறார்கள். குடுவையைச் சுழற்றிக்கொண்டே பொறுங்கள். கொஞ்சம் மாங்கனீசு அயனி உண்டானதும் அதுவே வினையூக்கியாகி, அடுத்தடுத்த சொட்டுகள் விழுந்த இடத்திலேயே நிறமிழக்கும். தன்வினையூக்கம் என்று புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்க்கிற இடம் இது. கடைசி ஒரு சொட்டில் வரும் வெளிர் ரோஸ் அரை நிமிஷம் நிலைத்தால் முடிவு.

ரீடிங் ஆடுவதற்கு மூன்று காரணம் பார்த்திருக்கிறேன். பியூரெட் மூக்கில் காற்றுக்குமிழி. மேலே புனலை எடுக்காமல் விட்டு அதிலிருந்து சொட்டுவது. திரவ மட்டத்தின் வளைவில் முதல் முறை மேல் பிறையையும் அடுத்த முறை கீழ்ப் பிறையையும் படிப்பது. பெர்மாங்கனேட் அடர்நிறம், எப்போதும் மேல் பிறைதான். நீர்த்த அமிலம் நீங்களே தயாரிப்பதாக இருந்தால் தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், அமிலத்தில் தண்ணீரை அல்ல. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் எனக்கு ஓய்வு கொடுத்த பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

பரீட்சையில் கால்குலேட்டர் உண்டா?
(மாணவர், நெல்லிக்குப்பம்)

கிடையாது. லாக் 2 என்றால் 0.3010, லாக் 3 என்றால் 0.4771. இந்த இரண்டை வைத்துக்கொண்டு 4, 5, 6, 8, 9 எல்லாவற்றுக்கும் நீங்களே கண்டுபிடிக்கலாம். முதல் வகை வினையின் அரை ஆயுளுக்கு 0.693, சோம்பேறிகளுக்கு 0.7.

தமிழ் வழியில் படிக்கிறேன். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம் என்கிறார்கள். இப்போதே மாறிவிடலாமா? கூடவே ஒரு கேள்வி: இரத்தத்தின் பி.எச் 7.4 மோல் என்பது எப்படி மாறாமல் இருக்கிறது?
(மாணவர், குறிஞ்சிப்பாடி)

மாற வேண்டாம். சமன்பாடு எந்த மொழியிலும் ஒன்றுதான், நீட் தேர்வையும் தமிழில் எழுதலாம். தினமும் படிக்கும் பக்கத்தின் ஓரத்தில் நாலு சொல்லைச் சோடி சேர்த்து எழுதி வாருங்கள்: வேகவியல் என்றால் கைனெடிக்ஸ், இனக்கலப்பு என்றால் ஹைபிரிடைசேஷன், தாங்கல் கரைசல் என்றால் பஃபர். வருஷக் கடைசியில் முந்நூறு சொல் சேர்ந்திருக்கும், முதல் வருஷக் கல்லூரிக்கு அது தாராளம்.

இரத்தத்தில் கார்பானிக் அமிலமும் பைகார்பனேட்டும் சேர்ந்த தாங்கல் அமைப்பு இருக்கிறது, சேருகிற அமிலத்தையும் காரத்தையும் அது வாங்கிக்கொள்ளும். ஆனால் தம்பி, பி.எச்-சுக்கு அலகு கிடையாது. அலகு எழுதுங்கள் என்று நான் கத்துவது உண்மைதான், இல்லாத அலகையுமா எழுதுவது?