டி.ஓ. சீட்டா, தீவுக் கல்லூரியா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்க மக அமெரிக்காவில் ஒஹையோவில் பயாலஜி டிகிரி முடிக்கப் போறா. இந்திய பாஸ்போர்ட், எஃப்-1 மாணவர் விசா. டாக்டருக்குத்தான் படிப்பேன்னு நிக்கிறா. எம்.டி. கல்லூரி எதுவும் கூப்பிடலை. ஒரு டி.ஓ. கல்லூரி இன்டர்வியூ வச்சு இடம் தந்திருக்கு. கரீபியன் தீவில் ஒரு எம்.டி. கல்லூரியும் இடம் தந்திருக்கு, ஜனவரியிலேயே சேரலாம், கொஞ்சம் ஸ்காலர்ஷிப்பும் உண்டாம். 'டி.ஓ.ன்னா எலும்பு நீவுற வைத்தியம், பேருக்குப் பின்னால எம்.டி.ன்னு இருந்தாத்தான் மதிப்பு'ன்னு இவுக அண்ணன் சொல்றாக. டி.ஓ. கல்லூரி மொத்தப் படிப்புக்கும் பணத்தை முதலிலேயே காட்டச் சொல்லுது. காரைக்குடியில் இருக்கிற இடத்தை வித்துரலாமான்னு யோசனை. என்ன செய்யலாம்? – தேவகோட்டை வாசகி

பதில்: ஆச்சி, மகள் அமெரிக்காவிலேயே டாக்டராக இருக்கப்போகிறாள் என்றால் டி.ஓ. (டாக்டர் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசின்) தான். அந்த இடம் கையில் இருக்கும்போது தீவுப் பக்கம் திரும்பவே வேண்டாம். காரைக்குடி இடத்தை விற்கிற பேச்சு தனி, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் வீட்டுப் பெரியவருக்கு. அவர் சொல்வது முழுக்கத் தப்பில்லை. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஆஸ்டியோபாத் என்றால் கையால் நீவிச் சரிசெய்கிறவர்தான், அவர் டாக்டர் இல்லை. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே எம்.டி. என்பது நம்மூர் எம்.பி.பி.எஸ். மாதிரி டாக்டருக்கான முதல் பட்டம், டி.ஓ.வும் அப்படித்தான். 1892-இல் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில் ஊரில் ஆரம்பித்த பள்ளியிலிருந்து வளர்ந்த படிப்பு அது. இன்று எம்.டி. படிக்கிற அதே பாடம், அதே ஆஸ்பத்திரி வார்டு, கூடவே இருநூறு மணி நேரம் போல அந்தக் கைவைத்தியப் பயிற்சி. முடித்தால் 50 மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், கத்தி பிடிக்கலாம். அங்கே மருத்துவம் படிக்கிறவர்களில் நாலில் ஒருவர் டி.ஓ. கல்லூரியில்தான் இருக்கிறார். ட்ரம்ப்பின் முதல் ஆட்சியில் அவருக்கு வைத்தியம் பார்த்த ஷான் கான்லி, பைடனுக்குப் பார்த்த கெவின் ஓ'கானர் இருவரும் டி.ஓ. தான். இதைப் பெரியவரிடம் சொல்லிப் பாருங்கள். கல்யாணப் பேச்சு வரும்போது 'அதென்ன டி.ஓ.?' என்று நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள், அதற்காகத் தீவுக்கு அனுப்ப முடியுமா?

கல்லூரி முடித்த பிறகுதான் விஷயமே இருக்கிறது. ரெசிடென்சி (பட்டத்துக்குப் பின் ஆஸ்பத்திரியில் எடுக்கிற பயிற்சி) கிடைக்காத எம்.டி. அமெரிக்காவில் ஒரு ஊசி கூடப் போட முடியாது. அந்த ரெசிடென்சியை மேட்ச் என்ற ஏற்பாட்டில் ஒதுக்குகிறார்கள். 2024 மேட்சில் டி.ஓ. இறுதியாண்டு மாணவர்களில் 92.3% பேருக்கு இடம் கிடைத்தது. வெளிநாட்டுக் கல்லூரியில் படித்த, அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு 58.5% தான். தீவுக்குப் போனால் உங்கள் மகள் இந்த இரண்டாவது வரிசையில் நிற்பாள், கல்லூரி எம்.டி. என்று போட்டுக் கொடுத்தாலும் சரி. 2020 முதல் டி.ஓ., எம்.டி. ரெசிடென்சிகள் எல்லாம் ஒரே அங்கீகாரத்தின் கீழ் வந்துவிட்டதால் டி.ஓ.க்காரருக்குத் தனிப் பந்தி என்பதும் இல்லை. நியூரோசர்ஜரி, பிளாஸ்டிக் சர்ஜரி மாதிரி இடங்களில் டி.ஓ. என்றால் இன்னும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, அது உண்மை. அங்கே தீவு எம்.டி.க்கு அதைவிடச் சுளிப்பார்கள்.

தீவுக் கல்லூரியின் பிரசுரத்தை எடுத்து வைத்துப் பாருங்கள், தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம் பேர் ரெசிடென்சி பெற்றார்கள் என்று பளபளப்பான தாளில் போட்டிருப்பார்கள். எத்தனை பேரில் என்று கேளுங்கள். பேச்சுக்கு நூறு பேர் சேருகிறார்கள், முதல் இரண்டு வருஷத்தில் முப்பது பேர் தோற்று வெளியே போகிறார்கள், இன்னும் பத்துப் பேர் லைசென்ஸ் தேர்வை முடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் அறுபது. அந்த அறுபதில் ஐம்பத்தைந்து பேருக்கு இடம் கிடைத்தால் பிரசுரத்தில் வருவது 92%. சேர்ந்த நூறு பேரில் கணக்குப் போட்டால் 55%. நம் ஆட்கள் ஐந்தொகை போடுகிறபோது வராத கடனை வரவில் எழுதுவார்களா? 'சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நாலு வருஷத்தில் முடித்தார்கள்' என்று ஒரே ஒரு மெயில் போட்டுப் பாருங்கள், பதில் வருகிற தினுசிலேயே விஷயம் தெரிந்துவிடும். தீவுக் கல்லூரிகள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. கிரெனடாவில் இருக்கிற செயின்ட் ஜார்ஜஸ் 1976-இலிருந்து நடக்கிறது, அதில் படித்து அமெரிக்காவில் நல்ல டாக்டராக இருக்கிறவர்கள் ஏராளம். ஆனால் எளிதாகச் சேர்த்துக்கொள்கிற இடத்தில் எளிதாகக் கழித்தும் விடுவார்கள், பணம் அதற்குள் போயிருக்கும்.

விசாவும் இதே பக்கம்தான் சாய்கிறது. டி.ஓ. படித்தால் எஃப்-1 தொடரும், முடிந்ததும் ஓ.பி.டி. என்று ஒரு வருஷம் வேலை செய்யலாம், அதில் ரெசிடென்சியின் முதல் வருஷம் ஓடிவிடும், அப்புறம் ஆஸ்பத்திரி எச்-1பி வேலை விசா எடுக்க வேண்டும். தீவில் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் ஜே-1 என்கிற பரிமாற்ற விசாதான், பயிற்சி முடிந்ததும் இரண்டு வருஷம் ஊருக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் டாக்டர் தட்டுப்பாடு உள்ள ஊரில் மூன்று வருஷம் வேலை பார்த்து விலக்கு வாங்க வேண்டும். அந்த விலக்கு மாநிலத்துக்கு வருஷம் 30 தான். எந்த வழியில் போனாலும் விசா ஸ்பான்சர் செய்யாத ரெசிடென்சிகள் நிறைய உண்டு. அதனால் மேலே சொன்ன 92.3% உங்கள் மகளுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அதில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள்.

இப்போது பணம். நிறைய டி.ஓ. கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மட்டும் வருஷத்துக்கு 60,000 டாலரைச் சுற்றி இருக்கிறது, சாப்பாடும் வீட்டு வாடகையும் தனி. வெளிநாட்டு மாணவருக்கு அமெரிக்க அரசுக் கடன் கிடையாது. அங்கே தனியார் கடனுக்குப் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆள் சொந்தத்தில் இருக்கிறாரா என்பதுதான் என் முதல் கேள்வி. இருந்தால் இடத்தை விற்கிற பேச்சையே தள்ளிப் போடலாம். கல்லூரி பணத்தை 'காட்ட' சொல்கிறதா, எஸ்க்ரோ கணக்கில் (மூன்றாமவர் பொறுப்பில் பணத்தைப் பூட்டிவைக்கிற கணக்கு) 'கட்ட' சொல்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டும் வேறு. பாங்க் பேலன்ஸ் கடிதம் போதும் என்கிற கல்லூரியும் உண்டு, ஒரு வருஷம், இரண்டு வருஷம், நாலு வருஷம் என்று கட்டச் சொல்கிற கல்லூரியும் உண்டு. நாலு வருஷத்தையும் ஒரேயடியாகக் கட்டச் சொன்னால் ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பக்கூடிய 2,50,000 டாலர் வரம்பைத் தாண்டலாம், படிப்புக்கென்று கல்லூரி எழுத்தில் கேட்கிற தொகை என்றால் அதற்கு மேலும் அனுப்ப விதியில் இடம் உண்டு, ஆடிட்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள். இடம் பொதுச் சொத்து என்றால் பங்காளிகள் எல்லோர் கையெழுத்தும் வேண்டும், கல்லூரி கொடுத்த கெடுவுக்குள் அது நடக்குமா என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், ஜாமீன் ஆளும் இல்லை, இருக்கிற ஒரே சொத்தும் இதுதான் என்றால், விற்காதீர்கள். மகள் ஒரு வருஷம் ஓ.பி.டி.யில் லேபில் வேலை பார்த்துவிட்டு, எம்கேட் (அங்கத்து மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு) மார்க்கை ஏற்றி, மே மாதம் விண்ணப்பம் திறந்த உடனே மறுபடி போடட்டும். இடங்கள் நிரம்ப நிரம்ப மூடிக்கொண்டே வருவார்கள், அக்டோபரில் போடுகிறவர்கள் பாதி வாய்ப்பை இழந்தே ஆரம்பிக்கிறார்கள்.

ஒருவேளை மகள் ஊருக்குத் திரும்பி இங்கேயே பிராக்டிஸ் பண்ணுவாள் என்ற நினைப்பு இருந்தால் இரண்டுமே சரிப்படாது. நம் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதம், அதே கல்லூரியில் மேலே 12 மாதம் இன்டர்ன்ஷிப், போதாததற்கு நீட் தேறியிருக்க வேண்டும். அமெரிக்கப் படிப்பு நாலே வருஷம், 48 மாதம். கணக்கு அங்கேயே உதைக்கிறது.

கேள்வி: நான் காரைக்குடியில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தேன். இங்கிருந்து நேராக டி.ஓ.வுக்கு விண்ணப்பிக்கலாமா? – பள்ளத்தூர் வாசகர்

பதில்: தம்பி, பெரும்பாலான கல்லூரிகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ எடுத்த பாடங்களைக் கேட்கும், இந்திய டிகிரியை மட்டும் வைத்து உள்ளே போவது ரொம்பக் கஷ்டம். அங்கே போய் இரண்டு வருஷம் படித்து, எம்கேட் எழுதி, அப்புறம் நாலு வருஷம் என்று ஆகும். அந்தச் செலவுக்கு முன்னால் நீட்டை ஒரு தடவை ஒழுங்காக எழுதிப் பாருங்கள். சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. எம்.பி.பி.எஸ். முடித்து யு.எஸ்.எம்.எல்.இ. என்கிற அமெரிக்க லைசென்ஸ் தேர்வை எழுதிப் போகிற வழி திறந்துதான் இருக்கிறது, தீவுக்காரர் நிற்கிற அதே வரிசையில் நீங்களும் நிற்பீர்கள், கடன் மட்டும் இருக்காது.

கேள்வி: என் பையன் கரீபியனில் ஏற்கெனவே ஒரு வருஷம் முடித்துவிட்டான். டி.ஓ.வுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா? – கானாடுகாத்தான் வாசகர்

பதில்: முடியாது அண்ணே. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற டி.ஓ. அல்லது எம்.டி. கல்லூரியிலிருந்து வருகிறவர்களைத்தான் இடையில் சேர்ப்பார்கள். டி.ஓ. வேண்டுமென்றால் முதலிலிருந்து. பையன் நன்றாகப் படிக்கிறான் என்றால் அங்கேயே தொடரட்டும். யு.எஸ்.எம்.எல்.இ. ஸ்டெப் 1 இப்போது பாஸ், ஃபெயில் மட்டும்தான் (2022 ஜனவரியிலிருந்து), ஆகவே ஸ்டெப் 2 மார்க்கைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், அதற்கு இப்போதே குறி வைக்கச் சொல்லுங்கள். ஃபேமிலி மெடிசின், இன்டர்னல் மெடிசின் என்று விண்ணப்பிக்கட்டும், நூறு இடத்துக்குப் போட்டாலும் தப்பில்லை. முதல் வருஷத்திலேயே பாடங்கள் தோற்றுத் திரும்ப எழுதுகிறான் என்றால், அடுத்த செமஸ்டர் பணம் கட்டுவதற்கு முன்னால் அவனை ஊருக்கு வரச்சொல்லி உட்கார்ந்து பேசுங்கள்.